‘உதவியவர்’ முதல் ‘பாடகர்’ வரை: பரவை முனியம்மாவின் இசைவாழ்வும் நாட்டுப்புறப் பாடுநர் குறித்த தமிழாய்வும்

தமிழ் நாட்டுப்புறப் பாடலாய்வின் வரலாற்றைப் பாடல்களின் வரலாறாக எழுதுவது எளிது; பாடியவர்களின் வரலாறாக எழுதுவது அரிது. தொகுப்புகள் உள்ளன, வகைப்பாடுகள் உள்ளன, வட்டாரவாரியான ஆய்வேடுகள் நூலக அடுக்குகளை நிறைத்துள்ளன. ஆயினும் ஒரு பாடகர் எங்கே பிறந்தார், எவரிடம் கேட்டுப் பாடக் கற்றார், எந்தச் சூழலில் எதைப் பாடினார், எதைப் பாட மறுத்தார் என்பன போன்ற வினாக்களுக்கு விடை தரும் நூல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருக்கின்றன. ‘நாட்டுப்புறப் பாடல்களுக்கு ஆசிரியர் இல்லை’ என்னும் பாடநூல் வரையறை இந்தக் குறையை ஒரு கொள்கையாகவே ஆக்கிவிட்டது. ஆசிரியர் இல்லை என்பது பாடகரும் இல்லை என்பதாக மெல்லத் திரிந்தது.

மதுரைச் சிம்மக்கல்லிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள், திண்டுக்கல் சாலையில் உள்ள பரவை என்னும் ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன் தாங்கி அறியப்பட்ட முனியம்மா (மறைவு: 29 மார்ச் 2020), இவ்வகையில் ஆராயத்தக்க ஒரு பாடகர். ஊர்ப்புறப் பாடலைக் கேட்டும் பாடியும் வளர்ந்து, கோயில் விழா மேடைகளில் பெயர் பெற்று, ‘தூள்’ (2003) திரைப்படத்தின் வழித் தமிழகமெங்கும் அறிமுகமான அவருடைய இசைவாழ்வு, வாய்மொழிப் பாடல் அதன் தொழிற்களத்தை விட்டு மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் திரைக்கும் இடம்பெயர்ந்த கதையும் ஆகும். அவ்வாழ்வை முன்வைத்து நாட்டுப்புறப் பாடுநர் குறித்த தமிழாய்வின் நோக்குநிலையை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாடலுக்குக் கீழே ஒரு சொல்

தமிழில் அச்சேறிய வாய்மொழிப் பாடல் தொகுப்புகளில் குறிப்பிடத்தக்க முன்னோடிகள் சில உள்ளன. மு. அருணாசலத்தின் ‘காற்றிலே மிதந்த கவிதை’ 1943இல் வெளிவந்தது. பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சைச் சரசுவதி மகால் வெளியீடாக ‘மலையருவி’ 1958இல் வந்தது. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இல் வெளிவந்தது. தலைப்புகளே ஒரு செய்தியைச் சொல்கின்றன. காற்றில் மிதந்தது, மலையிலிருந்து அருவியாய் வீழ்ந்தது என்று பாடல் இயற்கைப் பொருளாகக் காட்சி தருகிறது. காற்றுக்கும் அருவிக்கும் பெயர் முகவரி வேண்டுவதில்லை அல்லவா?

வானமாமலையின் தொகுப்பு இவற்றினின்று வேறுபட்டது. பாடல் பிறந்த சமூகச் சூழலை விளக்குவதில் அவர் காட்டிய அக்கறை தமிழாய்வில் ஒரு திருப்பமாகும். அத்தொகுப்பில் பல பாடல்களின் கீழே வட்டார வழக்கு, சேகரித்தவர் பெயர், இடம் ஆகியன குறிக்கப்பட்டுள்ளன. சில பாடல்களின் கீழே மேலும் ஒரு பெயர் காணப்படுகிறது. அப்பெயருக்கு முன் இடப்பட்டுள்ள சொல் ‘உதவியவர்’ என்பது. பாடலைப் பாடித் தந்தவர் சேகரிப்பாளருக்கு உதவியவராக அங்கே நிற்கிறார். பெயரையாவது பதிந்தமைக்குப் பிற்கால ஆய்வாளர் அத்தொகுப்புக்கு நன்றி பாராட்ட வேண்டும்; வேறு பல தொகுப்புகளில் அதுவும் இல்லை. எனினும் அச்சொல்லின் உட்கிடை நோக்கத்தக்கது. பாடல் சேகரிப்பாளரின் பணி. பாடியவர் அப்பணிக்குத் துணை.

இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று எனினும், எங்கும் இப்படியே இருந்தது என்று கூறிவிடவும் இயலாது. 1916 முதல் 1918 வரை அமெரிக்க அப்பலாச்சிய மலைப்பகுதியில் பாடல் திரட்டிய செசில் சார்ப், ஒவ்வொரு மெட்டுக்கும் தலைப்பில் பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் குறித்தார். அதே மலைப்புறத்துப் பாடகர்களைத் தேடி 1927இல் பிரிஸ்டல் என்னும் சிற்றூருக்கு ஒலிப்பதிவுக் கருவிகளுடன் சென்ற ரால்ஃப் பியர் என்பவரின் முயற்சியால் கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி ராட்ஜர்சும் இசைத்தட்டில் ஏறினர். இன்று அந்நாட்டில் ‘கன்ட்ரி இசை’ எனப்படும் பெருவணிகத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக அந்நிகழ்வு கருதப்படுகிறது. அங்கு நாட்டுப்புறப் பாடகர், ஆய்வேட்டிலும் இசைத்தட்டு உறையிலும் ஏறத்தாழ ஒரே தலைமுறையில் பெயர் பெற்றார். தமிழகத்திலோ பாடகருக்குப் பெயர் கொடுத்தவை ஆய்வு நூல்கள் அல்ல; வானொலியும் மேடையும் திரையுமே.

வைகையின் வடகரை

முனியம்மாவின் ஊர் அமைந்துள்ள நிலப்பகுதியைக் கருத்திற்கொள்ளாமல் அவர் பாடல்மரபை விளக்க இயலாது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர் வைகை வழியாகப் பாயத் தொடங்கிய பின், சோழவந்தான், வாடிப்பட்டி, மதுரை வடக்கு, மேலூர்ப் பகுதிகள் நெல் வேளாண்மையில் செழித்தன. நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு ஆகிய மூன்றிலும் பெண்கள் குழுவாக வேலை செய்தனர். குழுவேலை உள்ள இடத்தில் குழுப்பாட்டு இருக்கும். மேளக்கலைஞர்களால் பெயர் பெற்ற வாடிப்பட்டி அண்மையில் உள்ளது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகைக்கு வரும் வழியெல்லாம் பாடப்படும் வர்ணிப்புப் பாடல்கள் இப்பகுதியின் மற்றொரு வளம், தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஆய்வு, வர்ணிப்பைக் கோயிலுக்கும் அடியவர்க்கும் இடையிலான உறவின் சான்றாகவே எடுத்தாண்டது. தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, குலவை ஆகியன இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

ஆற்றின் தென்கரையில், சிம்மக்கல்லை ஒட்டிய சாலையில், 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1902 முதல் வெளிவந்த அதன் ‘செந்தமிழ்’ இதழ் ஏட்டுச்சுவடி நூல்களை ஆராய்ந்து அச்சேற்றிய பணி தமிழுலகம் அறிந்தது. அதே மதுரையில்தான் சங்கரதாச சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார்; நாட்டுப்புற மெட்டும் செவ்வியல் இசையும் கலந்த நாடகப் பாடல் அங்கிருந்து ஊரூராகச் சென்றது. ஏட்டுத் தமிழ், நாடகத் தமிழ், வயற்காட்டுத் தமிழ் ஆகிய மூன்றும் சில கல் தொலைவுக்குள் வழங்கிய நகரம் மதுரை. முதல் இரண்டுக்கும் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது.

இலக்கணமரபு வாய்மொழிப் பாடலை அறவே புறக்கணித்தது என்பதும் பொருந்தாது. தொல்காப்பியச் செய்யுளியல் பண்ணத்தி என்னும் வகையைக் கூறுகிறது. எழுத்தில் வழங்கும் பயிற்சி இல்லாத பாடல்களையே அச்சொல் சுட்டுவதாகப் பேராசிரியர் உரை விளக்குகிறது. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை மதுரைப் புறநகரில் நிகழ்வது. மாதரி ஏழு ஆயர் மகளிரை நிறுத்தி, அவர்களுக்குக் குரல் முதல் தாரம் வரையிலான ஏழிசைப் பெயர்களைப் படைத்துக் கோத்து ஆடச் செய்கிறாள். இங்கு மகளிரின் சொந்தப் பெயர்கள் மறைந்து சுரத்தின் பெயர்கள் ஏறுகின்றன என்பது உண்மையே. ஆயினும் குரவையை நிகழ்த்துவித்த மாதரிக்குப் பெயர் உண்டு, குணம் உண்டு, காப்பியத்தில் ஒரு முடிவும் உண்டு. பாடலை நிகழ்த்துவித்தவரோடு சேர்த்துக் காட்டும் அவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டுத் தொகுப்பாளர்க்கு ஏனோ முன்மாதிரியாக அமையவில்லை.

வயலிலிருந்து மேடைக்கு

நடவுப்பாட்டின் நீளத்தை வேலை தீர்மானிக்கிறது. முன்பாட்டுக்காரி ஓரடி எடுக்க, மற்றவர் அதனையோ ‘தன்னானே’ போன்ற இசைச்சொல்லையோ திருப்பிச் சொல்வர். பின்பாட்டு ஒலிக்கும் அந்தச் சிறு இடைவெளியில்தான் முன்பாட்டுக்காரி அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருகிறாள், அல்லது புதிதாகக் கட்டுகிறாள். வரப்பில் நிற்கும் பண்ணைக்காரரைக் கேலி செய்யும் அடியும், தாமதமாக வந்த தோழியைக் குத்தும் அடியும் அவ்விடைவெளியில் பிறப்பவையே. யூகோசுலாவிய வாய்மொழிக் காப்பியப் பாடகர்களிடம் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் கண்ட வாய்பாட்டு முறை, நீண்ட கதைப்பாடலுக்கு மட்டுமின்றி இத்தகைய குறும்பாடலுக்கும் ஓரளவு பொருந்தும்.

இக்கோட்பாட்டைத் தமிழாய்வுக்குக் கொணர்ந்தவர் க. கைலாசபதி. 1968இல் ஆக்சுபோர்டு வெளியீடாக வந்த அவரது ஆங்கில நூல், சங்கப் பாடல்களை வாய்மொழி வீரநிலைக் கவிதையாக விளக்கியது. அந்நூலை ஏற்றும் மறுத்தும் தமிழ்த்துறைகளில் பல்லாண்டு விவாதம் நடந்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பாணனும் விறலியும் எவ்வாறு பாடலைக் கட்டினர் என்று ஓலை எழுத்தைக் கொண்டு ஊகித்த அதே காலத்தில், வாய்பாட்டு முறையில் பாடலைக் கட்டிக்கொண்டிருந்த பாடகர்கள் பரவையிலும் கொல்லங்குடியிலும் உயிரோடிருந்தனர். பாரியும் லார்டும் தங்கள் முடிவுகளை உயிருள்ள பாடகர்களிடமிருந்தே பெற்றனர் என்பது அவ்விவாதத்தில் போதிய அழுத்தம் பெறாமற் போயிற்று.

மேடை, இம்முறையைப் பல வகையில் மாற்றுகிறது. ஒலிவாங்கி முன் ஒருவர் நிற்கிறார்; பின்பாட்டுக் குழு சுருங்குகிறது; தவிலும் உறுமியும் பம்பையும் ஆர்மோனியமும், பின்னர் விசைப்பலகையும் சேர்கின்றன. பாடல் நாலைந்து நிமிட அளவுக்குள் அடங்க வேண்டும். வேலை செய்துகொண்டே பாடியவர்கள் இப்போது பந்தலில் அமர்ந்து கேட்பவர்களாகின்றனர். வயலில் எல்லோரும் பாடகர். மேடையில் ஒருவர் பாடகர். இந்த மாற்றத்தை ‘சிதைவு’ என்று வருணிப்பது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. அச்சொல் முழுவதும் பொருந்துவதன்று. மேடை பாடலிலிருந்து கூட்டத்தைப் பிரிக்கிறது என்றால், பாடகருக்கு முதன்முறையாக ஒரு பெயரையும் கூலியையும் தருகிறது.

பெயர் என்பது இங்கே சிறிது விரித்துரைக்கத்தக்கது. பரவை முனியம்மா, கொல்லங்குடி கருப்பாயி என ஊர்ப்பெயரை முன்னொட்டாகக் கொண்டு அறியப்படுவது நாட்டுப்புறப் பாடகரின் முதற் கையெழுத்து. திருவாவடுதுறை இராசரத்தினம் என்னும் நாகசுர மரபிலும், மதுரைக் கணக்காயனார், மதுரை மருதன் இளநாகனார் என்னும் சங்கப் புலவர் பெயர்களிலும் காணப்படும் அதே முறை இது. அழைப்பிதழிலும் விழாச் சுவரொட்டியிலும் ஊரோடு சேர்ந்து அச்சாகும்போது, அதுவரை ஓர் ஊரில் பலருக்கு இருந்த முனியம்மா என்னும் பெயர் ஒருவரை மட்டுமே குறிக்கத் தொடங்குகிறது. சிங்கப்பூர், மலேசியா, இலண்டன் எனத் தமிழர் வாழும் அயல்நாடுகளின் மேடைகளில் அவர் பாடியபோது பரவை என்னும் சிற்றூர்ப் பெயரும் உடன் சென்றது.

வானொலியின் பங்கும் பெரிது. திருச்சி நிலையம் 1939இலும் மதுரை நிலையம் 1987இலும் தொடங்கின. கிராமிய நிகழ்ச்சிகளுக்காக வட்டாரப் பாடகர்களை அழைத்துப் பாடவைத்தது வானொலியே. கருப்பாயியின் குரல் திரைக்கு வருமுன் வானொலி வழியாகவே பரவியிருந்தது. நிகழ்ச்சி அறிவிப்பில் ‘பாடியவர்’ என்று பெயர் சொல்லப்பட்டது. தொகுப்பு நூலில் ‘உதவியவர்’ என நின்றவர், அறிவிப்பாளரின் நாவில் பாடியவர் ஆனார்.

மெட்டு, குரல், உடல்

தமிழ்த் திரையிசைக்கும் நாட்டுப்புற இசைக்கும் உள்ள உறவை மூன்று படிகளாகக் காணலாம். ‘அன்னக்கிளி’ (1976) திரைப்படத்தில் இளையராசா நாட்டுப்புற மெட்டைத் திரையின் மையத்துக்குக் கொணர்ந்தார் என்பது இசை வரலாற்றில் நிலைபெற்ற கருத்து. ஆனால் அப்படத்தின் பாடல்களைப் பாடியது எசு. ஜானகி போன்ற பயிற்சி பெற்ற பின்னணிப் பாடகரின் குரல். மெட்டு வந்தது; அதைப் பாடிய தொண்டை வரவில்லை. பாண்டியராசன் இயக்கிய ‘ஆண் பாவம்’ (1985) அடுத்த படி. சிவகங்கைப் பகுதியைச் சேர்ந்த கொல்லங்குடி கருப்பாயி அதில் பாட்டியாக நடித்ததோடு தம் குரலிலேயே பாடவும் செய்தார். 1993இல் கலைமாமணி விருது பெற்ற அவர், 2025 ஜூன் மாதம் காலமானார். நாட்டுப்புறக் குரல் மெருகேற்றப்படாமல் திரையில் ஒலிக்கலாம் என்பதற்கு அவர் வழிகாட்டினார்.

தரணி இயக்கி வித்யாசாகர் இசையமைத்த ‘தூள்’ திரைப்படத்தில் முனியம்மாவுக்குக் கிடைத்த இடம் இவற்றினும் வேறானது. ஆலைக்கழிவால் நீர் கெட்ட ஓர் ஊரிலிருந்து நீதி கேட்டுச் சென்னைக்கு வரும் மூவருள் ஒருவர் அவர் ஏற்ற பாட்டி. ‘சிங்கம் போல’ எனத் தொடங்கும் பாடலை அவர் திரையில் தோன்றியே பாடுகிறார். அப்பாடலின் மீது சண்டைக்காட்சி நிகழ்கிறது. தாலாட்டும் தெம்மாங்கும் எதிர்பார்க்கப்படும் ஒரு முதிய பெண்ணின் குரல், போரிடும் வீரனை ஊக்குவிக்கும் குரலாக அங்கு ஒலிக்கிறது. தும்பைத்திணையில் களத்து வீரனைப் பாடும் பாணனின் இடத்தில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிய ஒரு மூதாட்டி நிற்கிறார். திரையிசைப் பேரொலிக்கு மேலாக அக்குரல் எழுந்து நின்றதற்குக் காரணம், திறந்தவெளியில் கருவியின் துணையின்றித் தொலைவுக்குக் கேட்குமாறு பாடிப் பழகிய தொண்டை. சற்றுக் கரகரப்பும், சொல்லின் இறுதியை இழுத்து உயர்த்தும் பாங்கும், குலவைக்கு நெருங்கிய உச்சமும் கொண்ட அக்குரலைப் பின்னணிப் பாடகர் எவரும் போலச் செய்ய முயன்றிருந்தால் அது கேலியாகவே முடிந்திருக்கும்.

‘தூள்’ படத்துக்குப் பின் முனியம்மா பல படங்களில் நடித்தார். கலைஞர் தொலைக்காட்சியில் கிராமத்துச் சமையல் நிகழ்ச்சியை நடத்தினார். அநிருத் இசையமைத்த ‘மான் கராத்தே’ (2014) படத்தில் இளைய பாடகர்களுடன் சேர்ந்து பாடினார். இவற்றுள் ஆய்வு நோக்கில் மிகுதியும் கவனிக்கத்தக்கது ‘தமிழ்ப் படம்’ (2010). தமிழ்த் திரையின் தேய்வழக்குகளைப் பகடி செய்த அப்படத்திலும் கதைத்தலைவனின் பாட்டி அவரே. ஒரு வகைமாதிரி பகடிக்கு உள்ளாக வேண்டுமானால் அது முதலில் எல்லார்க்கும் தெரிந்த வகைமாதிரியாக நிலைபெற்றிருக்க வேண்டும். ‘பாடும் கிராமத்துப் பாட்டி’ என்னும் மாதிரி, 2003க்கும் 2010க்கும் இடைப்பட்ட ஏழே ஆண்டுகளில் அந்நிலையை அடைந்துவிட்டது.

பாட்டி என்னும் இடம்

கருப்பாயி, முனியம்மா ஆகிய இருவரும் திரையில் பாட்டியாகவே நுழைந்தமை தற்செயலானதன்று. பொதுவெளியில் உரக்கப் பாடும் பெண்ணுக்குத் தமிழ்மரபு தயக்கமின்றி அளித்த இடங்களுள் முதுமை ஒன்று. குறுந்தொகை 23ஆம் பாடலில் ஔவையார் காட்டும் அகவன் மகள், நரைத்த நெடுங்கூந்தலை உடையவள். தலைவனின் மலையை அவள் பாடியதைக் கேட்ட தோழி, அதனை மீண்டும் பாடுமாறு வேண்டுகிறாள். கட்டுவிச்சியின் பாட்டு அங்கே மறைபொருளை வெளிப்படுத்தும் கருவியாகிறது. இளம்பெண் சொல்லக் கூசுவதை முதியவள் பாடலாம். ஔவை என்னும் உருவே பிற்காலத்தில் நரைமூதாட்டியாக நிலைபெற்றதும் இம்மரபோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இவ்வுரிமைக்கு ஒரு விலை இருந்தது. பாட்டியாக மட்டுமே அறியப்பட்ட பாடகரின் இளமைக்கால இசை மக்கள் நினைவில் இடம்பெறவில்லை. திரைக்கு வருமுன் மேடைகளில் கழிந்த நெடிய ஆண்டுகளே முனியம்மாவின் இசைவாழ்வின் பெரும்பகுதி. அவரைப் பற்றிய செய்திக் குறிப்புகளிலோ அவ்வாண்டுகள் ஓரிரு வரிகளில் முடிகின்றன. அவர் எந்தெந்தக் கோயில் விழாக்களில் எவ்வகைப் பாடல்களை எவ்வரிசையில் பாடினார், விடிய விடிய நடக்கும் நிகழ்ச்சியில் பக்திப்பாட்டிலிருந்து தெம்மாங்குக்கு எந்த நாழிகையில் மாறினார் என்பன ஓர் இசைவாழ்வை எழுதத் தேவையான அடிப்படைச் செய்திகள். நாடகக் கலைஞர் வாழ்வுக்கு அவ்வை தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ போன்ற தன்வரலாறு உண்டு. நாட்டுப்புறப் பாடகரின் வாழ்வுக்கு அத்தகைய நூல் வாய்க்க வேண்டுமாயின், கேட்டு எழுதும் ஒருவர் வேண்டும்.

பாடகரே ஆய்வாளராகவும் அமைந்தபோது நிலைமை வேறாக இருந்தது என்பதற்கு மதுரையிலேயே சான்று உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் சார்ந்து இயங்கிய மு. நவநீதகிருட்டிணன், விசயலட்சுமி நவநீதகிருட்டிணன் இணையர், பாடல்களைத் திரட்டி, தாமே மேடையேற்றி, நூலாகவும் எழுதினர். விசயலட்சுமி நவநீதகிருட்டிணனுக்கு 2018இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. கல்வித்தகுதியும் பாடும் திறனும் ஒருங்கே பெற்றவரின் பணி ஆவணமாகிறது. பாடும் திறன் மட்டும் பெற்றவரின் பணி அவரோடு போகிறது.

உரிமையும் உதவியும்

முனியம்மாவின் இறுதி ஆண்டுகள் உடல்நலிவிலும் பொருள் நெருக்கடியிலும் கழிந்தன. 2015இல் தமிழக முதலமைச்சர் செ. செயலலிதா, 6 இலட்சம் ரூபாய் வைப்புத்தொகையின் வட்டியிலிருந்து அவருக்கு மாத உதவி கிடைக்க ஆணையிட்டார். 2019இல் அறிவிக்கப்பட்ட கலைமாமணி விருதுப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. திரைத்துறையினர் சிலரும் உதவினர். இவை யாவும் பாராட்டத்தக்கன. எனினும் இவற்றின் பெயர் ‘உதவி’ என்பதே. தொகுப்பு நூலில் பாடகர் ஆய்வாளருக்கு உதவியவர். முதுமையில் அவர் உதவி பெறுபவர். இரண்டுக்கும் நடுவே ‘உரிமை’ என்னும் சொல் வந்து அமரவில்லை.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) ஆசிரியரை மையமாகக் கொண்டது. ஆசிரியர் இல்லாப் பாடல் எவரும் எடுத்தாளத்தக்க பொதுச்சொத்து. நிகழ்த்துநர் உரிமை என்னும் கருத்து 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே அச்சட்டத்தில் நுழைந்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், நிகழ்த்துதல் வணிக நோக்கில் பயன்படுத்தப்படும்போது நிகழ்த்துநருக்கு உரிமத்தொகை பெறும் தகுதியையும் தம் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கோரும் உரிமையையும் உறுதிசெய்தது. பெயர் குறிக்கப்படும் உரிமை என்பது தொகுப்பாளர்க்கும் ஆய்வாளர்க்கும் நேரே பொருந்தும் அறநெறியாகும். எழுத்து ஒப்பந்தமோ சங்க உறுப்பினர் நிலையோ இல்லாத நாட்டுப்புறப் பாடகருக்கு இச்சட்டப் பிரிவுகள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன என்பது வேறு செய்தி.

அமெரிக்க மலைப்பாடல்களின் வரலாறு இவ்விடத்தில் எச்சரிக்கையாகவும் அமையும். கார்ட்டர் குடும்பத்துத் தலைவர் ஏ.பி. கார்ட்டர், அக்கம்பக்கத்து ஊர்களில் பிறரிடம் கேட்டுத் திரட்டிய பாடல்களைத் தம் பெயரில் உரிமைப்பதிவு செய்தார். பாடகர் ஒருவர் ஆசிரியராக உயர, அவருக்குப் பாடித் தந்தவர்கள் மீண்டும் பெயரிழந்தனர். அவ்வகை உரிமையைத் தமிழ்ப் பாடகர்க்கு வேண்டுவது, ஒருத்தியின் வாயிலிருந்து வந்ததை மற்றொருத்தியின் உடைமை ஆக்குவதில் முடியக்கூடும். பாடல் ஊருக்கும், பாடிய முறை பாடகருக்கும் உரியவை எனப் பிரித்துக் காண்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. முனியம்மா பாடிய தெம்மாங்கு அவருடையதன்று; அதைப் பாடிய குரலும் எடுப்பும் இடைவெளியில் அவர் சேர்த்த அடியும் அவருடையவை.

தகவலாளர் பட்டியல்கள்

முனியம்மா மறைந்தபோது நாடெங்கும் ஊரடங்கு தொடங்கி ஐந்து நாட்களே ஆகியிருந்தன. கலைஞர் ஒருவரின் இறப்புக்குச் சக கலைஞர்கள் திரண்டு பாடியும் முழக்கியும் வழியனுப்பும் வழக்கம் நிறைவேற வாய்ப்பில்லாத நாட்கள் அவை. அத்தகைய கூடுகைகளில்தான் இறந்தவரின் பாடல்களும் அவரைப் பற்றிய கதைகளும் அடுத்தவரிடம் கைமாறும்.

அவர் தலைமுறைப் பாடகர்களைப் பற்றிய செய்திகளைத் திரட்ட ஒரு வழி இன்னும் மிஞ்சியுள்ளது. 1970களிலிருந்து தமிழகப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளில் நாட்டுப்புறப் பாடல்கள் பற்றி எழுதப்பட்ட இளமுனைவர், முனைவர் பட்ட ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் ‘தகவலாளர் பட்டியல்’ இடம்பெறுவது வழக்கம். பெயர், வயது, ஊர், தொழில், பாடல் பதிந்த நாள் ஆகியவை அங்கே நிரல்படுத்தப்பட்டிருக்கும். ஆய்வேட்டைப் படிப்பவர் பெரும்பாலும் புரட்டாத பக்கம் அது. நூலாக அச்சாகும்போது பக்கச் சுருக்கத்துக்காக முதலில் நீக்கப்படுவதும் அதுவே. வட்டாரவாரியாக இப்பட்டியல்களை ஒன்றிணைத்தால், எந்த ஊரில் எந்த ஆண்டில் எவர் எவ்வகைப் பாடலைப் பாடினார், ஒரே பாடகரை வெவ்வேறு ஆய்வாளர்கள் எத்தனை ஆண்டு இடைவெளியில் சந்தித்தனர், அப்போது பாடல் எவ்வாறு மாறியிருந்தது என்பன தெரியவரும். வைகை வடகரையின் பாடகர்களுக்கு மட்டும் இதனைச் செய்தாலே, திரையில் தோன்றிய ஒருவரோடு திரைக்கு வராத பலரும் பெயரோடு வெளிப்படுவர்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளால் இளமுனைவர் பட்டப்படிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. தட்டச்சில் இரண்டு மூன்று படிகளாக மட்டுமே உள்ள அவ்வாய்வேடுகள் துறை நூலகங்களில் இருக்கின்றன. களப்பணியில் பதிவுசெய்த ஒலிநாடாக்கள் சில, அவற்றை எழுதியவர்களின் வீடுகளில் இருக்கின்றன. ஒலிநாடாவின் காந்தப்பூச்சு காலப்போக்கில் உதிரும் இயல்புடையது. அப்பட்டியல்களில் பெயர் உள்ள பாடகர்களுள் இன்றும் உயிரோடிருப்பவர்களைத் தேடிச் சென்று, பழைய பதிவை அவர்களுக்கே போட்டுக்காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதும் களப்பணியை இன்று தொடங்கினால் அதற்கு இன்னும் சில ஆண்டுகளே அவகாசம் உண்டு.